தனித்தீவின் தெய்வம்

கதை புனைவோர் சிலர் மண்ணுலகில் இல்லாத நாடுகளைத் தம் மனத்திலே படைப்பர். அந்நாடுகளுக்கு மலையும் ஆறும் வகுப்பர். மன்னரையும் மாந்தரையும் அமைப்பர். அம்மாந்தர் வணங்குதற்குத் தெய்வங்களையும் ஆக்கித் தருவர். அயர்லாந்தைச் சேர்ந்த டன்சேனிப் பிரபு என்பார் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பெகானாவின் தெய்வங்கள்’ என்னும் நூல் அத்தகையது. இவ்வகை நூல்களைப் படிக்குங்கால் ஒரு வினா எழும். பிறரோடு கலவாது, கடலால் சூழப்பட்டுத் தனித்து வாழும் ஒரு கூட்டத்தார்க்குத் தெய்வம் எங்கிருந்து வரும்? வெறும் பாழிலிருந்து தோன்றுமா? அன்றி, முன்னோர் சொல்லிச் சென்ற பெயர்களே என்றும் மாறாமல் நிலைக்குமா? கதைநூல் இதற்கு விடை கூறாது. அங்கு ஆசிரியன் எழுதியதே சட்டம். மெய்யாகவே அவ்வாறு தனித்து வாழ்ந்த மக்களின் வரலாற்றில்தான் விடையைத் தேடுதல் வேண்டும்.

பசிபிக் பெருங்கடலின் தென்கிழக்கில் ஒரு சிறு தீவு உளது. தீவினர் அதனை ராப்பா நூய் என்பர். அதன் பரப்பு ஏறத்தாழ 164 சதுரக் கிலோமீட்டர். அவிந்துபோன எரிமலைகள் மூன்று, அதன் முக்கோண வடிவின் மூன்று மூலைகளிலும் நிற்கின்றன. கிழக்கே தென்னமெரிக்கக் கரையை அடைய 3,500 கிலோமீட்டர் கடலைக் கடத்தல் வேண்டும். மேற்கே மக்கள் வாழும் மிக அண்மைத் தீவாகிய பிட்கேர்ன் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கின்றது. 1722ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், கிறித்தவர்களின் ஈஸ்டர் திருநாளன்று, டச்சு நாட்டு மாலுமியாகிய ராகவீன் என்பார் இத்தீவைக் கண்டார். அதனால் ஐரோப்பியர் இதனை ஈஸ்டர் தீவு என்று அழைக்கலாயினர்.

இத்தீவில் முதலிற் குடியேறியவர் பாலினீசியர். அவர்கள் வானத்து விண்மீன்களையும், கடலலையின் போக்கையும், பறவைகள் செல்லும் திசையையும் கொண்டே வழியறிந்து, இரட்டைத் தோணிகளிற் பெருங்கடலைக் கடந்தவர்கள். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் இங்கு வந்திருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. ஹோட்டு மாட்டுவா என்னும் தலைவன் தன் சுற்றத்தாருடன் அனாக்கேனா என்னும் மணற்கரையில் வந்திறங்கினான் என்பது தீவினரின் மரபுச் செய்தி.

வந்தவர்கள் வெறுங்கையராய் வரவில்லை. கிழங்கும் வாழையும் கொணர்ந்தனர், கோழி கொணர்ந்தனர், அழையாத விருந்தாக எலியும் உடன் வந்தது. இவற்றோடு தம் தெய்வங்களையும் நெஞ்சிற் சுமந்து வந்தனர். பாலினீசியத் தீவுகள் பலவற்றிலும் நான்கு பெருந்தெய்வங்களின் பெயர்கள் வழங்குகின்றன. தங்கரோவா கடலுக்குரியவன், தானே காட்டுக்கும் படைப்புக்கும் உரியவன், ரொங்கோ விளைவுக்கும் அமைதிக்கும் உரியவன், தூ போருக்குரியவன். ஹவாய்த் தீவினர் இவர்களையே கனலோவா, கானே, லோனோ, கூ என்பர். தகரம் ககரமாகவும், ரகரம் லகரமாகவும், ஙகரம் னகரமாகவும் ஒழுங்கு பிறழாது திரிந்திருத்தலைக் காண்க. சொல் திரிந்தது, தெய்வம் ஒன்றே. ஒரு குடி பல தீவுகளிற் பிரிந்து சென்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அத்தெய்வங்கள் சென்ற இடந்தோறும் ஒரே நிலையில் இருக்கவில்லை. நியூசிலாந்தில் பெருமரங்கள் அடர்ந்த காடுகள் இருந்தன; அங்குத் தானே என்னும் காட்டுத் தெய்வத்தின் பெருமை ஓங்கியது. ஹவாயில் எரிமலை கனன்று நெருப்பாறு பாய்ந்தது. அங்கே பெலே என்னும் எரிமலைத் தெய்வம் மக்களின் அச்சத்தையும் அன்பையும் ஒருங்கே கவர்ந்தாள். முல்லை முதலிய நிலங்களுக்குத் தெய்வம் வகுத்த தொல்காப்பியத்தைக் கற்கும் மாணாக்கர்க்கு இது வியப்பைத் தாராது.

இனி, ராப்பா நூயில் நிகழ்ந்தது யாது? அங்கே நாற்பெருந்தெய்வங்களின் புகழ் மங்கிற்று. அவர்கள் பெயர்கள் குடிவழிப் பட்டியல்களிலும் பழம் பாடல்களிலும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருந்தனவேயன்றி, வழிபாட்டில் முதலிடம் பெறவில்லை. முதலிடம் பெற்றவன், பிற தீவுகளிற் பெருந்தெய்வமாக எண்ணப்படாத ஒருவன். அவன் பெயர் மக்கேமக்கே.

மக்கேமக்கேயைப் பற்றிக் கூறுமுன் தீவின் கற்சிலைகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். அவை ஏறத்தாழ 900 உள்ளன. ரானோ ரராக்கு என்னும் எரிமலைச் சரிவில் வெட்டப்பட்டு, தீவின் கரையோரங்களில் கற்களால் எழுப்பிய மேடைகள்மீது நிறுத்தப்பட்டவை அவை. சில பத்து மீட்டர் உயரமுடையன. முடிவுறாத சிலைகள் பல இன்றும் அம்மலையிலேயே கிடக்கின்றன. இச்சிலைகள் தெய்வங்களின் உருவங்கள் அல்ல. இறந்த தலைவர்களின் உருவங்கள். இறந்தாரின் ஆற்றல் கல்லில் இறங்கி வழிவந்தாரைக் காக்கும் என்று தீவினர் நம்பினர். அவ்வாற்றலை ‘மனா’ என்றனர். ஆகலின் சிலைகள் பெரும்பாலும் கடலை நோக்காமல், ஊரை நோக்கியே நின்றன. பவளக்கல்லாற் செய்த கண்களைச் சிலைகளிற் பொருத்தும் வழக்கம் இருந்தது என்பது 1978ஆம் ஆண்டில் அனாக்கேனாவில் நிகழ்ந்த அகழ்வில் தெரியவந்தது.

இச்சிலைகளைத் தீவினர் ‘மோவாய்’ என்பர். நீண்டு புடைத்த மோவாய் உடைய சிலைகளுக்கு அப்பெயர் அமைந்திருத்தலைக் கண்டு, இது தமிழ்ச் சொல்லே என்று துள்ளி எழுவாரும் இருக்கக்கூடும். அது தற்செயலான ஒலியொப்புமை, அவ்வளவே. தீவில் மரப்பலகைகளிற் பொறித்த ‘ரொங்கோரொங்கோ’ என்னும் எழுத்துகள் சிந்துவெளி எழுத்துகளை ஒத்தன என்று ஹெவெசி என்பார் 1932ஆம் ஆண்டில் கூறியதும் இத்தகையதே. இரண்டிற்கும் இடையே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவும் மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலமும் கிடக்கின்றன; அறிஞர் அக்கருத்தை ஏற்கவில்லை. தாய்மொழிப் பற்று நல்லதே. அதன்பொருட்டுப் பிறர் பொருளை நம் பொருள் என்று சாதித்தல் நன்றன்று.

தீவினர் வந்தபோது அங்கே பெரும்பனைகள் அடர்ந்து வளர்ந்திருந்தன. ஏரிச் சேற்றின் அடியிற் படிந்து கிடந்த மகரந்தத் தூளை ஆராய்ந்து இதனை அறிந்தனர். உழவுக்கென மக்கள் காட்டை எரித்தனர். பனங்கொட்டைகளை எலிகள் தின்றன. சில நூற்றாண்டுகளில் பனைகள் அழிந்தன. மரம் இன்மையால் பெருந்தோணி கட்ட வழியில்லாது போயிற்று. 1722இல் ராகவீன் கண்ட தோணிகள் சிறு பலகைகளை ஒட்டவைத்துக் கட்டியவை; நீர் கசிபவை. கடலைக் கடந்து வந்தவரின் வழித்தோன்றல்கள் கடலைக் கடக்க இயலாதவர் ஆயினர்.

ஆனால் ஓர் உயிர் மட்டும் அக்கடலைக் கடந்து ஆண்டுதோறும் வந்து சென்றது. அது மானுத்தாரா எனத் தீவினர் வழங்கும் ஆலாப் பறவை. முதுகு கருத்து வயிறு வெளுத்த இக்கடற்பறவை, இளவேனில் தொடங்கும் செப்டம்பர்த் திங்களில் கூட்டங்கூட்டமாய் வந்து முட்டையிடும். பூமியின் தென்பாதியில் இளவேனில் அத்திங்களில் வருவது என்பதை நினைவிற் கொள்க. எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது என்பது தீவினர்க்குத் தெரியாது. உணவு குறைந்திருக்கும் காலத்தில் அது முட்டையொடு வந்தது. அடைபட்டுக் கிடந்த மக்களின் கண்ணுக்கு அப்பறவை எத்துணைப் பெரிதாய்த் தோன்றியிருக்கும்!

மக்கேமக்கே அப்பறவைகளைக் கொணர்ந்த தெய்வம். அவனைப் பற்றித் தீவினர் கூறும் கதையை மெத்ரோ என்னும் அறிஞர், 1934ஆம் ஆண்டில் அங்குச் சென்று கேட்டு எழுதினார். அக்கதை பின்வருமாறு.

தொங்கரிக்கி என்னும் துறையில் பூசை செய்யும் முதியவள் ஒருத்தி இருந்தாள். பாறைமேல் வைத்த ஒரு மண்டையோட்டை அவள் காத்து வந்தாள். ஒருநாள் பேரலை ஒன்று எழுந்து அம்மண்டையோட்டை வாரிச் சென்றது. முதியவள் அதனை விடாது பின்தொடர்ந்து நீந்தினாள். நாள் பல நீந்தி மொத்திரோ ஹிவா என்னும் பாறைத்தீவை அடைந்தாள். அங்கே ஹவுவா என்னும் தெய்வம் அவள்முன் தோன்றி, வந்த காரணம் வினாவிற்று. தன் மண்டையோட்டைத் தேடி வந்ததாக அவள் கூறினாள். அது மண்டையோடு அன்று, மக்கேமக்கே என்னும் தெய்வம் என்று ஹவுவா உரைத்தது. இரு தெய்வங்களும் மீன் பிடித்துத் தர, முதியவள் அங்கே தங்கினாள். பின்னர் மக்கேமக்கே, இங்குள்ள பறவைகளையெல்லாம் அவளது தீவிற்கு ஓட்டிச் செல்வோம் என்றான். அவ்வாறே ஓட்டி வந்து தீவின் ஓரிடத்தில் விட்டனர். சில காலம் கழித்து வந்து பார்த்தபோது, மக்கள் முட்டைகளை எல்லாம் எடுத்து உண்டுவிட்டிருந்தனர். வேறோர் இடத்திற்கு மாற்றினர். அங்கும் அவ்வாறே ஆயிற்று. இறுதியில் கரைக்கு அப்பால் உள்ள மொட்டு நூய் என்னும் சிறு திட்டிற் பறவைகளைக் கொண்டுபோய் விட்டனர். அங்கே அவை பிழைத்துப் பெருகின. முதியவளோ ஊர்தோறும் சென்று, உண்ணுமுன் மக்கேமக்கேக்கும் ஹவுவாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவைக்குமாறு மக்களுக்குக் கற்பித்தாள்.

இதனை வெறுங்கதை என்று தள்ளுதல் எளிது. தள்ளாமல் சற்றே நின்று நோக்குக. மொத்திரோ ஹிவா என்பது கதையில் மட்டும் உள்ள இடமன்று. கிழக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் எவரும் வாழாத, கடற்பறவைகள் நிறைந்த பாறைத்திட்டாக அது இன்றும் உள்ளது. முற்காலத்தில் கடற்பறவைகள் பல இனமாய்ப் பெருந்தீவிலேயே வாழ்ந்தன என்பதை, அங்குத் தோண்டியெடுத்த எலும்புகளால் ஆராய்ச்சியாளர் அறிந்துள்ளனர். மக்களும் எலிகளும் தின்றமையால் அவை குன்றி, எட்டாத சிறு திட்டுகளிலே அடைக்கலம் புகுந்தன. கதை கூறுவதும் அதுவே. உண்டவர்கள் தாம் உண்டதை மறைக்கவில்லை. தெய்வத்தின் வாயிலாகத் தம் பிழையைத் தாமே சொல்லிக்கொண்டனர். கற்பனை நாட்டுத் தெய்வங்களை எழுதும் ஆசிரியர் பலர் இந்த நுட்பத்தை எட்டுவதில்லை. அவர்கள் இடிக்கு ஒரு தெய்வம், காற்றுக்கு ஒரு தெய்வம் என்று பட்டியல் வகுப்பதோடு நின்றுவிடுவர்.

மக்கேமக்கே முற்றிலும் புதியவனா என்னும் ஐயமும் உண்டு. அவன் கல்லிலும் நீரிலும் முயன்று, பின்பு மண்ணிலிருந்து மனிதனைப் படைத்தான் என்பது தீவினரின் மற்றொரு கதை. நியூசிலாந்தில் தானே மண்ணால் பெண்ணை உருவாக்கியதாகக் கூறுவர். ஆகலின், பழைய தானேயே இங்குப் புதுப்பெயர் பூண்டு பறவைகளோடு கலந்து நின்றான் என்று அறிஞர் சிலர் கருதுவர். பாறைகளிற் செதுக்கிய பறவை மனித உருவங்களும் இவ்வாறே இருபொருள் தருகின்றன. ஆலாவின் அலகு நேரானது. செதுக்கிய உருவங்கள் பலவற்றின் அலகோ, நுனி வளைந்த கடற்கொள்ளைப் பறவையின் அலகு. பிற பறவைகளின் இரையைப் பறித்துண்ணும் அப்பறவை, பசிபிக் தீவுகள் பலவற்றில் நெடுங்காலமாகப் போற்றப்படுவது. கையோ பழைய ஊரின் பறவையைச் செதுக்கியது. கண்ணோ புதிய ஊரின் பறவையை எதிர்நோக்கியது. புதுத்தெய்வம் பழைய துணியிலே நெய்யப்பட்டது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

மக்கேமக்கேயின் விழா ஓரங்கோ என்னும் இடத்தில் நிகழ்ந்தது. ரானோ காவு எரிமலையின் விளிம்பில், கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், தட்டைக் கற்களை அடுக்கிக் கட்டிய ஏறத்தாழ 50 தாழ்ந்த வீடுகள் அங்கே உள்ளன. தவழ்ந்தே அவற்றினுள் நுழைதல் கூடும். ஆண்டுதோறும் குடித்தலைவர்கள் அங்குக் கூடினர். ஒவ்வொரு தலைவனுக்கும் ஓர் இளைஞன் ஏவலனாக அமைந்தான். அவன் செங்குத்தான பாறையில் இறங்கி, கோரையாற் கட்டிய மிதவையைப் பற்றிக்கொண்டு, சுறாக்கள் திரியும் நீரைக் கடந்து மொட்டு நூய்த் திட்டை அடைவான். அங்குள்ள குகைகளில் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் பறவைகளின் வரவை எதிர்நோக்கிக் கிடப்பான். முதல் முட்டையைக் கண்டெடுத்தவன் திட்டின்மீது ஏறி நின்று தன் தலைவன் பெயரைக் கூவி, தலையை மழித்துக்கொள்ளுமாறு அறிவிப்பான். பின்பு முட்டையை நெற்றியிற் கட்டிக்கொண்டு நீந்தி மீண்டு, பாறையில் ஏறி, உடையாத முட்டையைத் தலைவன் கையிற் கொடுப்பான். வழியில் உயிர்துறந்த இளைஞரும் உண்டு.

முட்டையைப் பெற்ற தலைவன் அவ்வாண்டிற்குப் ‘பறவை மனிதன்’ ஆவான். அவன் தலைமயிரும் புருவமும் மழிக்கப்படும். ஓராண்டுக் காலம் தனியிடத்தில் ஒருவரும் தீண்டாத விலக்குடன் வாழ்வான், நகத்தையும் களையான். அவ்வாண்டு அவன் பெயராலேயே வழங்கப்படும். திட்டிலுள்ள முட்டைகளில் முதலுரிமை அவன் குடிக்கு உரியதாகும். தெய்வம் ஆண்டுக்கு ஒருவனைத் தேர்ந்தெடுக்கின்றது என்பதே அவர்கள் கொள்கை. கற்சிலை வழிபாட்டில் ஆற்றல் பிறப்பால் வந்தது. முன்னோன் பெரியவனாயின் வழித்தோன்றலும் பெரியவன். பறவை மனிதன் வழிபாட்டிலோ அது ஆண்டுதோறும் ஒரு முட்டையைப் பொறுத்து மாறியது. நீந்தியவன் ஏவலன், பெருமை பெற்றவன் தலைவன் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

சிலைகளைக் கைவிட்டு மக்கேமக்கேயை மேற்கொண்டது ஏன் என்பதில் கருத்து வேறுபாடு மிகுதி. காடழிந்து, பஞ்சம் வந்து, மக்கள் தம்முள் பொருது பெரும்பாலோர் மாண்டனர். அப்பேரழிவின் சாம்பலில் புதுத்தெய்வம் எழுந்தது என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். ஆனால் தீவினரின் பழைய எலும்புகள் பதினைந்தின் மரபணுக்களை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பதினேழாம் நூற்றாண்டில் மக்கள்தொகை அவ்வாறு சரிந்ததற்குச் சான்று இல்லை என்று காட்டியது. ஐரோப்பியர் வருமுன்னரே தென்னமெரிக்கப் பழங்குடியினரோடு அவர்கள் முன்னோர்க்குக் கலப்பு இருந்தது என்றும் அவ்வாய்வு கூறியது. தென்னமெரிக்காவிற்குரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு தீவிற் பயிராகி வந்ததும் இதற்கு இயைகின்றது. ஆகவே ‘முற்றிலும் தனித்த தீவு’ என்பதையும், ‘தம்மைத் தாமே அழித்துக்கொண்ட மக்கள்’ என்பதையும் சற்று அடக்கியே கூறுதல் தகும்.

அழிவு வந்தது மெய்யே. அது வந்த வழி வேறு. 1862ஆம் ஆண்டு முதல் தென்னமெரிக்காவில் உள்ள பெரு என்னும் நாட்டிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்தன. 1,400க்கு மேற்பட்டோரை வஞ்சித்தும் வலிந்தும் பிடித்து அடிமைகளாக ஏற்றிச் சென்றனர். அவருள் தலைவரும், பூசை செய்வோரும், எழுத்துப் பலகைகளைப் படிக்க வல்லோரும் இருந்தனர். கண்டனம் எழுந்தபின் திருப்பி அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழ 15 பேரே உயிரோடு கரை சேர்ந்தனர். அவர்களோடு பெரியம்மை நோயும் வந்திறங்கியது. 1866 அல்லது 1867ஆம் ஆண்டோடு பறவை மனிதன் விழா நின்றது. 1868க்குள் எஞ்சியோர் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். 1877ஆம் ஆண்டில் எண்ணியபோது தீவில் இருந்தவர்கள் 111 பேர்.

ஆயிரக்கணக்கானோர் நெஞ்சில் இருந்த ஒரு தெய்வம் 111 பேர் நினைவில் ஒடுங்கியது. 1914ஆம் ஆண்டில் காத்தரின் ரூட்லெட்ஜ் என்னும் ஆங்கில அம்மையார் அங்குச் சென்று, விழாவை இளமையிற் கண்ட முதியோர் சிலரிடம் வினவி, பறவை மனிதராய் விளங்கிய 80க்கு மேற்பட்டோர் பெயர்களை எழுதிக்கொண்டார். அம்முதியோர் அவ்வளவு பெயர்களையும் நினைவிற் காத்திருந்தனர். இன்று மக்கேமக்கேயைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி இத்தகையோர் வாய்மொழியே.

பாறைகளும் சில சொல்கின்றன. ஓரங்கோவில் பெரிய கண்களோடு விழித்த மக்கேமக்கேயின் முகமும், முட்டையைக் கையில் ஏந்திய பறவை மனிதனின் உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள ஒரு வீட்டினுள் 2.42 மீட்டர் உயரமுள்ள கருங்கற்சிலை ஒன்றும் இருந்தது. முன்புறம் நோக்கினால் அது பழைய முன்னோன் சிலை. பின்புறத்திலோ பறவை மனிதர் இருவர் எதிரெதிரே பொறிக்கப்பட்டுள்ளனர். பழையதை உடைத்தெறியாமல் அதன் முதுகிலேயே புதியதை எழுதிய கை எவருடையதோ! மற்றச் சிலைகள் கவிழ்ந்து கிடந்த காலத்தும் இதனைத் தீவினர் வீட்டினுள் வைத்துப் போற்றினர்.

1868ஆம் ஆண்டில் ‘டோப்பாசு’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலினர் அச்சிலையை எடுத்துச் சென்றனர். அது இலண்டனில் பிரிட்டானிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஹோவா ஹக்கானானைவா என்பது அதன் பெயர். களவுபோன நண்பன் என்று அதற்குப் பொருள் கூறுவர். 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தீவினர் சிலர் தம் ஆளுநரோடு இலண்டனுக்குச் சென்று, சிலையைக் கண்ணீரோடு கண்டு, தம் முன்னோனைத் திருப்பித் தருமாறு வேண்டினர். சிலை இன்னும் இலண்டனில்தான் நிற்கின்றது.